உன் மேசையில் எரிந்த என் பற்றரி

தம்பி,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டப்போவதில்லை. உனக்கு முன்னால் உன் அம்மா வாசிப்பாள். அவளுக்கும் இன்னும் தெரியாது. பிறகு அவளுடைய சகோதரன், உன் மாமா, வாசிக்கட்டும். ஆரணியின் அப்பாவும் வாசிக்கட்டும். வருகிற சனிக்கிழமை உனக்கும் ஆரணிக்கும் கல்யாணம். அதற்கு முன் ஒரு விடயம் எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் ஒரு பகிடியை விட்டுத் தப்பிவிடுவேன். நாலு வருடமாக அப்படித்தான் தப்பிக்கொண்டிருக்கிறேன்.

விடயம் சிறியது. நாலு வருடத்துக்கு முன், தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, உன் அறையில், உன் மேசையில் எரிந்தது என்னுடைய பற்றரி. உன்னுடையது அல்ல. உனக்கு இது தெரியும். எனக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது.

இனி ஒழுங்காகச் சொல்கிறேன்.

எனக்கு இதயக் குழாயில் வளையம் வைத்த வருடம் அது. சிகரெட்டை விடாவிட்டால் மறுபடி இங்கேதான் வருவீர்கள் என்று டொக்டர் சொன்னார். விட்டேன். விட்ட விதத்தை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. வெயர்ஹவுஸில் என்னோடு வேலை செய்த ஒருவன் தன்னுடைய பழைய மின்சிகரெட்டைத் தந்தான். பற்றரியைக் கழற்றி, தனிச் சார்ஜரில் போடுகிற வகை. உன் அம்மா அதைக் காணவில்லை. அவள் கண்டது பல்கனியில் சாம்பல் கிண்ணம் இல்லாமற் போனதை. கோயிலில், கல்யாண மண்டபங்களில், ரெலிபோனில், எல்லாரிடமும் சொன்னாள். "அவர் ஒரே நாளிலை விட்டிட்டார். மனம் இருந்தால் காணும்." நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். முதல் தடவை ஆட்டிய தலையை அடுத்த தடவை ஆட்டாமல் விட முடியவில்லை.

நீ என்னைப் பிடித்தது கட்டடத்துக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தில். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். நீயும் அதே தூணைத் தேடித்தான் வந்திருந்தாய். உனக்கு இருபது வயது.

"அப்பா, நீங்கள் என்ன இஞ்சை?"

"நீ என்ன இஞ்சை?"

பதில் இரண்டு பேரின் கையிலும் இருந்தது. நீ மூக்கைச் சுளித்தாய்.

"உது மின்ற்றோ?"

"ஓம். உன்ர?"

"மாம்பழம்."

"கறுமம். மாம்பழத்தை வாங்கிச் சாப்பிடுறதுக்கென்ன?"

நாம் இரண்டு பேரும் தனியாக நின்று அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை. சார்ஜர் உன் அறையில் இருக்கட்டும் என்று நீதான் சொன்னாய். உன்னுடையதைப் பற்றி அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். திட்டுவாள், ஆனால் உன் மேசையைக் கிளறமாட்டாள். அவள் திட்டும்போது சொல்கிற வசனம் உனக்கு நினைவிருக்கும். "அப்பாவைப் பார். ஒரே நாளிலை விட்டவர்." நீ தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாய். நானும் தட்டைப் பார்ப்பேன்.

அந்த நாட்களில் இந்தச் சின்னப் பற்றரிகளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நீ எனக்குச் சொல்லித்தந்தாய். நான் கேட்கவில்லை. கேளாததற்குக் காரணம் இருந்தது; பற்றரி என்றால் எனக்குத் தெரியும் என்பது என் எண்ணம். வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ற் வண்டிகளின் பற்றரிகளைப் பார்ப்பது என் வேலை. ஒவ்வொன்றும் நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத பாரம். உள்ளே ஈயமும் அமிலமும். முழுதாகச் சார்ஜ் பண்ண வேண்டும். பண்ணியபின் தண்ணீர் விட வேண்டும். அரைகுறையாக விட்டால் பழுதாகும். அதற்கும் முன்னால், ஊரில், போர் நடந்து பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்றாக இருந்த காலத்தில், செத்துப்போன ரோச் லைற் பற்றரிகளை வெயிலில் காயவைத்து, ஆணியால் துளைத்து உப்புத்தண்ணீர் விட்டு, அரை மணித்தியாலம் ரேடியோவில் செய்தி கேட்டவர்கள் நாங்கள். எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் ஒன்றரை வருடம் பௌதிகவியல் படித்தவன் என்ற பெயர் வேறு. எனக்குத் தெரிந்த பற்றரிகள் இரண்டு வகை. உன் மேசையில் இருந்தது மூன்றாவது வகை. நான் அதைப் பற்றி ஒரு பக்கம்கூட வாசித்ததில்லை.

நீ சொன்னவற்றை இப்போது எழுதுகிறேன். உனக்குத் தெரியும். எல்லாம் என் காதில் விழுந்தது என்பதற்குச் சாட்சியாக எழுதுகிறேன்.

பற்றரிக்கு மேலே மெல்லிய பிளாஸ்ரிக் தோல் ஒன்று இருக்கும். அது அழகுக்கு இல்லை. அந்தத் தோலுக்குக் கீழே உடம்பு முழுவதும் எதிர்முனை. உச்சியில் மட்டும்தான் நேர்முனை. தோல் கிழிந்தால் இரண்டும் சந்திக்க ஒரு சின்ன இரும்பு போதும். கிழிந்ததைப் பாவிக்கக் கூடாது. தனிப் பற்றரியைக் கதவுத் திறப்பும் சில்லறைக் காசும் கிடக்கிற பொக்கற்றில் போடக் கூடாது. அதற்கென்று இருக்கிற பிளாஸ்ரிக் பெட்டியில் வைக்க வேண்டும். கட்டிலில், தலையணையில் வைத்துச் சார்ஜ் பண்ணக் கூடாது. ஆள் விழித்திருக்கிற நேரத்தில், கண்ணுக்கு முன்னால், எரியாத தட்டு ஒன்றின் மேல். நிறைந்தவுடன் கழற்ற வேண்டும். முழுதாக வெறுமையாகும் வரை இழுக்கவும் கூடாது. குளிரில் விறைத்த பற்றரியை நேரே சார்ஜரில் போடக் கூடாது.

கடைசி விடயத்தில் நாம் வாக்குவாதப்பட்டோம். நான் காரில் விட்டுவிட்டு வந்த பற்றரி, மைனஸ் பதினைந்தில் ஒரு முழு ஷிஃப்ற் கிடந்தது.

"அப்பா, ஐஸ் மாதிரிக் கிடக்கு. கொஞ்சநேரம் வெளியாலை வையுங்கோ. சூடு வந்தாப்பிறகு போடலாம்."

"உதிலை உள்ளது மூண்டு நாலு வோல்ற். நான் ஒவ்வொரு நாளும் என்ன பற்றரிக்குச் சார்ஜ் போடுறன் எண்டு தெரியுமே?"

"அது வேறை, அப்பா."

"எல்லாம் ஒண்டுதான் போடா."

போட்டேன். ஒருமுறை அல்ல, அந்தக் குளிர்காலம் முழுக்க.

தை மாதம் வந்தபோது அந்தப் பற்றரி களைத்துவிட்டது. பத்து இழுவைக்கு மேல் தாங்கவில்லை. அதன் தோலும் ஓர் ஓரத்தில் கிழிந்திருந்தது. நீ அதை எடுத்து, இரண்டு முனைக்கும் பிளாஸ்ரிக் ரேப் ஒட்டி, மேசையில் இருந்த பழைய பிஸ்கட் ரின்னில் போட்டாய். எறிகிற பற்றரிகள் அதற்குள் இருந்தன. குப்பையில் போடக் கூடாது, சேர்க்கிற இடத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றாய். நான் அந்த ரின்னிலிருந்து அதைத் திருப்பி எடுத்தேன். புதிதொன்றை வாங்க எனக்கு வழி இல்லாமல் இல்லை. ஒரு பற்றரியை எறிவதற்கு எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். நீ ஒட்டிய ரேப்பை முனைகளிலிருந்து உரித்தேன். அதே ரேப்பால் கிழிந்த தோலைச் சுற்றி ஒட்டினேன்.

பிறகு ஊரில் செய்ததைச் செய்தேன். ஞாயிறு காலை நல்ல வெயில். தை மாதத்து வெயிலில் சூடு இல்லை என்பதால், சாப்பாட்டறை ஜன்னற்படியில், ஹீற்றருக்கு நேர் மேலே வைத்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உருட்டிவிட்டேன். அப்பளம் காயப்போட்டது போல. கையில் எடுத்தபோது இளஞ்சூடாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பி. அதையும் சொல்ல வேண்டும்.

நீ இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்தாய். உன்னை எழுப்பக் கூடாதென்று கதவை மெதுவாகத் திறந்தேன். உன் தலையிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் மேசை. சார்ஜரில் பற்றரியைப் போட்டேன். சிவப்பு வெளிச்சம் வந்தது. வெளிச்சம் உன் முகத்தில் படாமல் சார்ஜரைத் திருப்பி வைத்தேன். கதவைச் சாத்தினேன்.

இன்னொன்று. நடைக்கூடத்தில் இருக்கிற புகை அலார்முக்கு, பொங்கலன்று, பால் பொங்கும்போது கத்தாமல் இருக்க, குளிக்கிற தொப்பி ஒன்றை மாட்டியிருந்தேன். எல்லா வீட்டிலும் செய்கிறார்கள். சாம்பிராணிக்குச் செய்கிறார்கள், தோசைக்குச் செய்கிறார்கள். பொங்கல் முடிந்தது. தொப்பி அங்கேயே இருந்தது.

எது காரணம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கிழிந்த தோலா, குளிரில் போட்ட சார்ஜா, ஹீற்றர் சூடா. மூன்றையும் செய்தவன் ஒருவன்தான்.

நான் குசினியில் நின்றேன். அம்மா நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். சோடாப் போத்தல் திறந்தது போல ஒரு சத்தம், பிறகு நீண்ட சீறல், பிறகு உன் குரல். எங்கள் அலார்ம் வாய் திறக்கவில்லை. நீயாகவே எழும்பினாய். நான் ஓடிவந்தபோது நீ வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, தீப்பிடித்த ஜன்னல் சீலையை இழுத்து விழுத்திக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாய். வெறுங்கால். நான் கையில் அகப்பட்டதைக் கொண்டுவந்து ஊற்றினேன். அது நண்டு கழுவிய தண்ணீர். அறை ஒரு மாதத்துக்கு மணந்தது. அதைத்தான் எல்லா விருந்திலும் பகிடியாகச் சொல்லிவருகிறேன். மற்றதைச் சொல்லவில்லை.

வீட்டு வாசற்கதவைத் திறந்ததும் புகை வெளியே போய், கட்டடத்தின் அலார்ம் அடித்தது. டோர்செட் பார்க்கில் எங்கள் தொடர்மாடி முழுவதும் பனியில் இறங்கி நின்றது. போர்வையோடு குழந்தைகள், வோக்கரோடு கிழவர்கள், ஈரத் தலையோடு ஒரு பெண். அம்மா வீட்டுச் சட்டைக்கு மேல் என்னுடைய ஜக்கெற்றைப் போட்டிருந்தாள். கையில் மஞ்சள்.

"ஆரின்ர சாமான் அது?" என்று கேட்டாள்.

நீ முதலில் என்னைப் பார்த்தாய். நான் தீயணைப்பு வண்டியைப் பார்த்தேன்.

"என்ர தான், அம்மா."

"எத்தினை தரம் சொன்னனான் உனக்கு! அவர் விட்டவரெல்லே? உனக்கென்ன வந்தது?"

"சொறி, அம்மா."

அப்போது நான் வாயைத் திறந்தேன். நான் சொன்னது இதுதான்: "சரி, சரி. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

மறுநாள் காரில் நீ என்னிடம் சொன்னாய். "அம்மாவுக்கு உங்கட ஹார்ட் எண்டால்தான் பயம், அப்பா. என்னிலை கோவிச்சால் ரண்டு கிழமை." நான் நன்றி சொல்லவில்லை. அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றும் சொல்லவில்லை. ரேடியோவைப் போட்டேன். இரண்டு வாரத்தில் அது முடியவில்லை. கட்டட அலுவலகத்தில் அம்மாவைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். லிஃப்ற்றில் ஆட்கள் எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா உன்னிடம் கையை நீட்டி வீட்டுத் திறப்பைக் கேட்டாள். "வீட்டிலை ஆளில்லாத நேரம் நீ உள்ளை வரவேண்டாம்." நீ சாவி வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாய். நான் அப்போதும் அங்கேதான் நின்றேன். அடுத்த மாதம் நீ நகரத்தின் மறுகோடியில், பார்க்டேலில், ஓர் அறை எடுத்துப் போனாய். அம்மா இன்றுவரை அந்த அறைக்கு வரவில்லை. நீ இங்கே வந்தால் பெல் அடிக்கிறாய். பிறந்ததிலிருந்து வளர்ந்த வீட்டில்.

போன ஞாயிறு பொன்னுருக்கல். தாலிக்குத் தங்கம் உருக்கப் பத்தர் வந்து அடுப்பை வைத்தார். உன் மாமா கூப்பிட்டார்: "அத்தான், அலார்முக்குத் தொப்பி போட்டாச்சோ?" நான் கதிரையில் ஏறி மாட்டினேன். அதே தொப்பி. நெருப்பு எழும்பியதும் மாமா உன்னைப் பார்த்துச் சொன்னார்: "மாப்பிள்ளை, நீ கொஞ்சம் தள்ளி நில்லடா. உனக்கும் நெருப்புக்கும் ஆகாது." எல்லாரும் சிரித்தார்கள். ஆரணியின் அப்பா சிரிக்கவில்லை. என்ன கதை என்று கேட்டார். மாமா சொன்னார், நண்டுத் தண்ணீர் உட்பட. அவர் கேட்டு முடித்துவிட்டு உன்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, குறை நினைக்காதையும். நீங்கள் எங்கட மேல்வீட்டிலை இருக்கப்போறியள். கீழை சின்னப் பிள்ளையள் இருக்கினம். உந்தச் சாமான் வேண்டாம்."

"ஓம், அங்கிள்."

நீ கோபப்படவில்லை. நிமிர்ந்து அலார்மைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். பனியில் பார்த்த அதே பார்வை. இந்தமுறை எனக்குப் பார்க்க வண்டி ஒன்றும் இல்லை.

ஆகவே எழுதுகிறேன். மச்சான், இனி அந்தப் பகிடியை என்னைப் பார்த்து விடும். சம்பந்தி, நெருப்பு வைத்தவன் நான். அணைத்தவன் அவன். வெறுங்காலால்.

தம்பி, மில்லிக்கனுக்கு, ஆரணி வீட்டு மேல்மாடிக்குப் போனபின் உனக்கு. மின்சிகரெட்டை விட்டால் நல்லது. அதைச் சொல்ல வேறு ஆளைப் பார். நான் இன்னும் விடவில்லை. விடும்வரை, நீ எனக்குச் சொன்னபடி பற்றரியைப் பார். உன்னுடைய புதிய கருவிக்கு இரண்டு பற்றரி. இரண்டையும் ஒரே நாளில் வாங்கு, ஒன்றாகப் பாவி, ஒன்றாகச் சார்ஜ் பண்ணு. பழையதையும் புதியதையும் சோடி சேர்க்காதே. பலவீனமானதுதான் முதலில் சூடாகும். கல்யாணக் கடிதத்தில் இருப்பதால் இதற்கு வேறு அர்த்தம் தேடாதே. பற்றரியைப் பற்றித்தான் சொல்கிறேன். வெயிலில் காரில் விடாதே. பிளேனில் போனால் கையோடு கொண்டுபோகிற பையில், பெட்டிக்குள் வை. களைத்துப்போனதை எறி. காப்பாற்ற நினைக்காதே.

இன்னொருவருடைய பிழையை இனிமேல் உன் தலையில் போடாதே. நான் உன்னிடம் அதைக் கேட்கவில்லை என்று நாலு வருடம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். கேட்கவில்லைத்தான். கேட்காமலே வாங்கிக்கொண்டேன்.

கடிதம் இந்த இடத்தில் முடிந்திருந்தது. புதன் காலை அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்தபோது நடைக்கூடத்தில் அலார்முக்குக் கீழே கதிரை நின்றது. தொப்பி குப்பைக் கூடையில். அம்மா உன் பழைய அறையில் கட்டிலில் இருந்தாள். கழுத்தில் தையல் அளவுநாடா. உன் அறையில் இன்றுவரை ஒன்றையும் இடம் மாற்றவில்லை. கரிந்த மேசையும் அங்கேதான்.

"ஒரு மீற்றர் எண்டு எழுதியிருக்கிறியள்."

"ஓம். ஏறக்குறைய."

"இருபத்திரண்டு அங்குலம். தலைகாணியிலை இருந்து. ரண்டு தரம் அளந்தனான்."

அவள் அழவில்லை, திட்டவில்லை. அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு, "உங்கட சாமானைக் கொண்டுவாங்கோ" என்றாள். கொண்டுவந்து கொடுத்தேன். பற்றரியைக் கழற்றச் சொன்னாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஊசிக்கு நூல் கோப்பவள் போலக் கண்ணைச் சுருக்கி, தோலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது கிழியேல்லையோ?"

"இல்லை."

"இனி குசினி மேசையிலை, எனக்கு முன்னாலை போடுங்கோ."

மேலே எழுதிய ஒரு மீற்றரை நான் அடித்துத் திருத்தவில்லை. பிழை அங்கே இருக்கட்டும். சரியான அளவு இருபத்திரண்டு அங்குலம்.

உறை பாரமாக இருப்பதற்குக் காரணம், உள்ளே ஒரு வீட்டுத் திறப்பு இருக்கிறது. அம்மா வைத்தது. பற்றரியோடு ஒரே பொக்கற்றில் போடாதே.

அப்பா